16 புள்ளி, 9 வரிசை

டெலிவிஷன் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் சாதாரணமாகக் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "படம் நன்றாகத் தெரியுமா?" கடைக்காரரும் சளைக்காமல், "பேஷாகத் தெரியும்!" என்பார். சொல்லிவிட்டு, "ஃபுல் எச்.டி., 4கே, 16:9, 43 இஞ்ச்" என்று சஹஸ்ரநாமம் மாதிரி அடுக்குவார். நாமும் ஒன்றும் புரியாமலேயே, எல்லாம் புரிந்துவிட்ட பாவனையில் தலையை ஆட்டிவிட்டு, "எது விலை குறைச்சல்?" என்று விசாரிப்போம்.

இதே நாம் புடைவைக் கடையில் இப்படி ஏமாறுவோமா? மாட்டோம். புடைவையின் நீளம் எத்தனை, அகலம் எத்தனை என்பது ஒரு கேள்வி. நூல் எந்த ரகம், நெசவு நெருக்கமா, கலப்பா என்பது முற்றிலும் வேறு கேள்வி. ஆறு கஜம் இருக்கிறது என்பதற்காக நெசவு நெருக்கமாகி விடாது. நெசவு நெருக்கமாக இருப்பதால் ஆறு கஜம் ஒன்பது கஜமாகி விடாது. இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாம், டெலிவிஷன் விஷயத்தில் மட்டும் இரண்டு சமாசாரங்களைப் போட்டுக் குழப்பிக் கொள்கிறோம். ஒன்று, திரையில் எத்தனை புள்ளிகள் என்பது. அதற்கு ரெசல்யூஷன் என்று பெயர். இன்னொன்று, திரையின் வடிவம் என்ன என்பது. அதற்கு ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று பெயர்.

பெயர்களைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். மார்கழி மாதம் வாசலில் கோலம் போட்டவர்களுக்கு இரண்டும் ஏற்கெனவே தெரியும்.

வாசலில் நாலடிக்கு நாலடி மெழுகி, 7 புள்ளி 7 வரிசை வைத்து ஒரு தாமரை போடலாம். அதே நாலடி இடத்தில் நெருக்கி 21 புள்ளி 21 வரிசை வைத்தும் ஒரு தாமரை போடலாம். இரண்டு கோலமும் சதுரம்தான். வடிவத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாவது கோலத்தில் இதழின் வளைவு, நுனி, நடுவில் இருக்கும் கேசரம் எல்லாவற்றையும் நுணுக்கமாகக் காட்ட இடம் உண்டு. இந்தப் புள்ளிக் கணக்குத்தான் ரெசல்யூஷன்.

இனி, வாசலை விட்டு ரேழிக்கு வருவோம். அது நீளமான இடம். அங்கே 16 புள்ளி, 9 வரிசை வைக்கிறோம். கோலம் சதுரமாக இராது. அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு என்று நீள்சதுரமாக இருக்கும். அதே இடத்தில் 32 புள்ளி, 18 வரிசை வைத்தால்? புள்ளிகள் நாலு மடங்காகிவிடும். ஆனால் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள உறவு மாறவே மாறாது. அதே 16-க்கு 9 தான். இந்த உறவுதான் ஆஸ்பெக்ட் ரேஷியோ.

இப்போது கடைக்காரருடைய சஹஸ்ரநாமத்துக்கு அர்த்தம் சொல்லிவிடலாம். எச்.டி. என்றால் 1280 புள்ளி, 720 வரிசை. ஃபுல் எச்.டி. என்றால் 1920 புள்ளி, 1080 வரிசை. டெலிவிஷனில் 4கே என்றால் 3840 புள்ளி, 2160 வரிசை. மூன்றையும் வகுத்துப் பாருங்கள். முதலாவது 16-க்கு 9 என்பதன் 80 மடங்கு. இரண்டாவது 120 மடங்கு. மூன்றாவது 240 மடங்கு. அதாவது வடிவம் மூன்றுக்கும் ஒன்றே. புள்ளிகளில்தான் வித்தியாசம். ஃபுல் எச்.டி. திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். 4கே திரையில் 82,94,400. புத்தம் புது ஜோடி மருமகள்கள் நாலு பேர் சேர்ந்து போட்டாலும் முடியாத கோலம்!

'43 இஞ்ச்' என்பதோ இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது கணக்கு. அது மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்த அளவு. 43 அங்குல டெலிவிஷனின் அகலம் சுமார் முப்பத்தேழரை அங்குலம். உயரம் சுமார் 21 அங்குலம். புள்ளிகள் எத்தனை என்று அந்த அளவு சொல்லவே சொல்லாது. இந்த அளவுள்ள திரையை ஆறடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், ஃபுல் எச்.டி.க்கும் 4கே-க்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது சாதாரணக் கண்ணுக்குக் கஷ்டம். மாடியிலிருந்து பார்த்தால் 21 புள்ளிக் கோலமும் 41 புள்ளிக் கோலமும் ஒரே மாதிரிதானே தெரிகிறது? பணம் கொடுப்பதற்கு முன்னால் நம் வீட்டு சோபா எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

*

அதென்ன 16-க்கு 9? யார் வைத்த முகூர்த்தம் இது என்று கேட்கலாம். இதற்குப் பின்னால் ஒரு பெரிய சம்பந்தி சண்டையே இருக்கிறது.

1890-களின் தொடக்கத்தில் தாமஸ் எடிசனின் ஆய்வுக் கூடத்தில் டிக்ஸன் என்பவர் வேலை பார்த்து வந்தார். ஓடும் படம் எடுப்பதற்காக 35 மில்லி மீட்டர் அகலமுள்ள ஃபிலிமில், ஒரு படத்துக்கு நாலு துளை வீதம் வைத்துக் கட்டம் பிரித்தவர் அவர். அந்தக் கட்டம் அகலத்தில் 4 பங்கும் உயரத்தில் 3 பங்குமாக அமைந்தது. ஊமைப் படக் காலம் முழுவதும் அதுவே சினிமாவின் வடிவம். பேசும் படம் வந்து ஒலிக்கும் ஃபிலிமில் இடம் ஒதுக்க வேண்டி வந்தபோது, 1932-ல் ஹாலிவுட்டில் ஒரு புது அளவு வகுத்தார்கள். அதுவும் ஏறக்குறைய 4-க்கு 3 தான். பின்னால் டெலிவிஷன் பிறந்தபோது, பெரிய வீட்டைப் பார்த்துச் சின்ன வீடு கட்டுவது போல், அதுவும் 4-க்கு 3 என்றே வடிவம் எடுத்துக் கொண்டது.

அமெரிக்காவில் 1950-களின் தொடக்கத்தில் ஜனங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து டெலிவிஷன் பார்க்க ஆரம்பித்தார்கள். தியேட்டர்கள் காலியாயின. சினிமா முதலாளிகள் யோசித்தார்கள். 'வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டினால்தானே வெளியே வருவார்கள்?' என்று திரையை அகலமாக்கினார்கள். 1953-ல் 'தி ரோப்' என்ற படத்துடன் சினிமாஸ்கோப் வந்தது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி க்ரெத்தியேன் என்பவர் கண்டுபிடித்த கண்ணாடி வில்லை அதற்கு ஆதாரம். படம் எடுக்கும்போது காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நசுக்கி ஃபிலிமில் அடக்கும். திரையிடும்போது மறுபடி இரண்டு மடங்காக விரிக்கும். விரிக்கும் வில்லையைப் போட மறந்துவிட்டால், திரையில் கதாநாயகன் முதல் காவற்காரன் வரை எல்லாரும் பனைமரம் மாதிரி ஒல்லியாக நிற்பார்கள்!

நம் தேசத்தில் 1959-ல் குருதத் எடுத்த 'காகஸ் கே பூல்' முதல் சினிமாஸ்கோப் படம். தமிழில் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவருக்குப் பெரிய திரை வேண்டாமா? சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-ம் தேதி. அதன் வடிவமோ 4-க்கு 3. ஆக, ஒரே வீட்டில் இரண்டு சம்பந்திகள். சினிமா, 'அகலம் வேண்டும்' என்கிறது. டெலிவிஷன், 'உயரம் போதும்' என்கிறது.

இந்த வழக்குக்கு மத்தியஸ்தம் செய்தவர் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினீயர். 1984-ல், அதுவரை வழக்கத்தில் இருந்த பல வடிவங்களையும் ஒரே பரப்பளவில் காகிதத்தில் வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தது போல் வரைந்து பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொதுவாக நடுவில் கிடைத்த வடிவம் ஏறக்குறைய 16-க்கு 9 ஆக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. 3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. இன்று கடைகளில் விற்கும் டெலிவிஷன்கள் இந்த மத்தியஸ்தத்தின் பயனே.

மத்தியஸ்தம் என்றால் தெரியுமே. இரு தரப்புக்கும் கொஞ்சம் குறை இருக்கத்தான் செய்யும். பழைய 4-க்கு 3 படத்தை இந்தத் திரையில் போட்டால் இடமும் வலமும் கறுப்புப் பட்டை விழும். சினிமாஸ்கோப் படத்தைப் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும்.

*

எங்கள் வீட்டில் கலகம் ஆரம்பமானது இந்தக் கறுப்புப் பட்டையில்தான்.

என் கணவர் நல்லவர். ஆனால் கணக்கில் கறார். 43 அங்குல டெலிவிஷன் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை 'பாசமலர்' போட்டோம். 1961-ல் வந்த படமாயிற்றே. இரு பக்கமும் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகப் பட்டை விழுந்தது. உடனே நாடாவை எடுத்துக் கொண்டு வந்து மூலைக்கு மூலை அளந்தார்.

"43 அங்குலத்துக்குப் பணம் கட்டினோம். 35 அங்குலம்தான் காட்டுகிறான். மீதி எட்டு அங்குலம் யார் வீட்டுக்குப் போயிற்று?" என்றார்.

"நம் பழைய டெலிவிஷன் 21 அங்குலம்தானே? 35 என்பது அதைவிடப் பெரிசு இல்லையா?" என்றேன்.

"பெரிசுதான். ஆனால் கொடுத்த காசுக்கு?" என்று சொல்லி, ரிமோட்டில் எதையோ அழுத்தினார். பட்டை மறைந்தது. திரை நிரம்பியது. சாவித்திரியின் முகமும் நிரம்பியது!

இதற்குக் கணக்கு மிகவும் சுலபம். 4-க்கு 3 படத்தை 16-க்கு 9 திரை நிரம்ப இழுத்தால், உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முகம், இடுப்பு, தூண், சந்திரன் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். அந்தக் காலத்து நடிகைகள் எல்லாருமே குண்டு என்று இந்தக் காலத்துப் பெண்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சதையில் பாதி, நம் வீட்டு ரிமோட் போட்டது!

வேறொரு வழியும் ரிமோட்டில் இருக்கிறது. அதற்கு ஜூம் என்று பெயர். அது படத்தை இழுக்காது. இரு பக்கமும் பட்டை மறையும் வரை பெரிதாக்கும். முகம் பருக்காது. ஆனால் படத்தின் உயரத்தில் கால் பங்கு திரைக்கு வெளியே போய்விடும். மேலே அரைக்கால், கீழே அரைக்கால். மேலே போவது சிரசு. கீழே போவது கை அல்லது பாதம். பரத நாட்டியம் பார்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டில் எதைச் செய்தாலும், ஒரே ஒரு புள்ளிகூடப் புதிதாகச் சேருவதில்லை. ரப்பர் துணியில் போட்ட கோலத்தை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து இழுப்பது போலத்தான். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாகும், தாமரை தட்டையாகும், அவ்வளவுதான். திரை நிரம்பியது என்பது வேறு. படம் நிறைவாக இருக்கிறது என்பது வேறு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கு இப்படியே நடந்து கொண்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தமாஷோடு போயிருக்கும். ஆனால் அதே வருஷம் என் அப்பாவின் விஷயம் குறுக்கிட்டது.

*

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஈர்க்குச்சி மாதிரி ஒல்லியான மனிதர். நீண்ட கழுத்து, ஒட்டிய கன்னம். "உங்க அப்பா காற்றடிக்கிற நாளில் குடை எடுத்துக் கொண்டு போகக் கூடாது, குடையோடு பறந்து விடுவார்" என்று அம்மா கேலி செய்வாள். 1993-ல் காலமானார். எங்களிடம் அவருடைய போட்டோக்கள் ஏழெட்டு உண்டு. ஆனால் அவர் நடப்பதையும், திரும்பிப் பார்ப்பதையும், மேல்துண்டைத் தோளில் சரி செய்து கொள்வதையும் காட்டுகிற ஓடும் படம் ஒன்றே ஒன்றுதான். 1987-ல் கும்பகோணத்தில் நடந்த என் கல்யாணத்தின் வீடியோ. இரண்டு காஸெட்.

அந்தக் காஸெட்டுகளை அம்மா தன் பீரோவில், கூறைப் புடைவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஓட்டிப் பார்க்க வீட்டில் கருவி கிடையாது. உலகத்திலேயே கடைசியாக அந்தக் கருவியைத் தயாரித்து வந்த ஜப்பானியக் கம்பெனியான ஃபுனாய் 2016-ல் அதை நிறுத்திவிட்டது. அம்மாவுக்கு வயது 84. கண்ணில் பார்வை இருக்கும்போதே ஒரு தரம் காட்டிவிட வேண்டும் என்று, காஸெட்டை மாற்றித் தருகிற ஒரு கடையில் கொடுத்தோம்.

"ஃபுல் எச்.டி.யிலே போட்டுத் தருகிறோம் மேடம். ஸ்கிரீன் ஃபுல்லா வரும். பட்டையே இருக்காது" என்றான் கடைப் பையன். என் கணவரின் முகம் மலர்ந்தது. வாங்கி வரப் போன அன்று, "காஸெட்டை இனிமேல் தூக்கிப் போட்டுடலாம்" என்றும் சொன்னான். அம்மா ஒப்பவில்லை. "உயிர் போன பிறகும் கூட்டை மரியாதையாகத்தான் அனுப்ப வேண்டும். கொண்டா இங்கே!" என்று காஸெட்டுகளைத் திரும்ப வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் கூடினோம். முதல் பாகம் ஓடியது. மண்டப வாசலில் அப்பா நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்கிறார். அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, "ஏண்டி, இது யாரு?" என்று கேட்டாள்.

"அப்பாதாம்மா."

"உங்க அப்பா இல்லை இது. உங்க பெரியப்பா மாதிரி இருக்கு" என்றாள். குரல் சுருதி இறங்கிவிட்டது. "எனக்குத்தான் முகம் மறந்து போச்சோ என்னவோ" என்று சொல்லிக் கண்ணை மூடிக் கொண்டுவிட்டாள். முப்பது வருஷம் மனத்தில் வைத்திருந்த முகத்தை, ஒரு திரை வந்து அவளிடம் சந்தேகப்பட வைத்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என் தம்பி மகன் சினிமாவில் எடிட்டிங் உதவியாளனாக இருக்கிறான். அவன் அன்று இரவு வந்து பார்த்தான். "அத்தை, தாத்தாவை இழுத்து வச்சிருக்காங்க. வேற ஒண்ணும் ஆகலை" என்று சொல்லி, ரிமோட்டை எடுத்து 4:3 என்ற இடத்தில் வைத்தான். பட்டைகள் இரு பக்கமும் வந்து நின்றன. நடுவில், ஒரு நொடியில், அப்பா ஒல்லியானார். நீண்ட கழுத்து, ஒட்டிய கன்னம், எல்லாம் திரும்பி வந்தன.

"பாட்டி, இப்ப பாருங்க."

அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "அதானே!" என்றாள். அந்த ஒரே வார்த்தைதான்.

அவன் எனக்கு விளக்கமும் சொன்னான். "இழுத்த படத்தைத் திரும்பச் சுருக்கிடலாம் அத்தை, எதுவும் தொலையாது. ஒரு டி.வி.டி. தட்டைப் பாருங்க. நம்ம ஊர் முறையில் 720 புள்ளி, 576 வரிசை. பழைய 4:3 படத்துக்கும் அதே புள்ளிதான். புது 16:9 படத்துக்கும் அதே புள்ளிதான். எந்த வடிவத்துக்கு விரிக்கணும்னு ஒரு குறிப்பு மட்டும் கூடவே இருக்கும். அந்தக் குறிப்பு தப்பினா, புள்ளி அத்தனையும் இருந்தும் ஆள் மாறிடுவாங்க."

"அப்படியானால் அந்த ஃபுல் எச்.டி.?"

"அது வெறும் பேச்சு. வீடியோ காஸெட்டில் குறுக்காகப் பிரிச்சுக் காட்ட முடிகிறதே சுமார் 240 கோடு என்றுதான் கணக்குச் சொல்வாங்க. அதை நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளியா எடுத்து, இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளியா நிரப்பியிருக்காங்க. அஞ்சில் நாலு புள்ளி மெஷின் ஊகிச்சு வச்சது."

எனக்குப் புரிந்தது. விட்டுப் போன இடங்களில் யாரோ கோலமாவைத் தூவி நிரப்பியிருக்கிறார்கள். கோலம் தடித்திருக்கிறது, நுணுக்கம் கூடவில்லை.

*

இரண்டாவது பாகத்தில்தான் நிஜமான கஷ்டம் காத்திருந்தது.

அதில் தாரை வார்த்துக் கொடுக்கும் கட்டம் வருகிறது. அப்பா தம் கையில் என் கையை வைத்துக் கொண்டிருக்கிறார். அம்மா செம்பிலிருந்து நீர் வார்க்கிறாள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வரும் இடம் முழு வீடியோவிலும் அது ஒன்றுதான். அம்மா அதற்காகவே காத்திருந்தாள். வந்தது. அப்பாவின் நெற்றிக்கு மேலே இல்லை. கீழே செம்பு இல்லை, நீர் இல்லை, கைகளும் இல்லை. மணிக்கட்டோடு திரை முடிந்துவிட்டது.

தம்பி மகன் 4:3-ல் வைத்துப் பார்த்தான். எல்லாரும் நெட்டையானார்களே தவிர, கைகள் வரவில்லை. அவன் முகம் வாடியது. "இந்தப் பாகத்தை இழுக்கலை அத்தை. வெட்டியிருக்காங்க. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். வெட்டினது இந்த நகலில் கிடையாது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வராது" என்றான்.

ஒருவரும் பேசவில்லை. என் கணவர் பட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்போது அம்மா இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். "பீரோவிலே காஸெட் இருக்கிறதேடா, கண்ணா" என்றாள்.

மறு வாரம் அவன் தெரிந்த ஓர் இடத்தில் பழைய கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து, காஸெட்டில் உள்ளதை உள்ளபடி, அதே 4-க்கு 3 வடிவத்தில், வெட்டாமல் இழுக்காமல் எடுத்து வந்தான். ஓரத்தில் கொஞ்சம் கோடு விழுந்திருந்தது. நிறமும் மங்கல்தான். ஆனால் செம்பு இருந்தது. நீர் விழுந்தது. அதற்குக் கீழே அப்பாவின் கைகள் இருந்தன.

அப்பாவின் வலது சுண்டு விரல் சற்றுக் கோணலாக இருக்கும். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிக் கொண்டது. அம்மா திரைக்கு அருகே போய், "அந்தச் சுண்டு விரலைப் பார்த்தியா? அப்படியே இருக்கு" என்றாள். உண்மையைச் சொன்னால், சுண்டு விரல் கோணலா நேரா என்று காட்டுகிற அளவுக்கு அந்தப் படத்தில் புள்ளிகள் கிடையாது. எங்களுக்கெல்லாம் ஒரு மங்கலான கைதான் தெரிந்தது. அம்மாவுக்கு விரல் தெரிந்தது.

இதிலிருந்து நான் தெரிந்து கொண்டது இதுதான். புள்ளி குறைந்து போனால், மிச்சத்தை நம் மனம் போட்டு நிரப்பிக் கொள்ளும். வருஷக் கணக்காகப் பழகிய முகமாயிற்றே! வடிவம் கெட்டுப் போனாலோ மனத்தால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அந்நியரைப் பார்ப்பது போல் ஒதுங்கிக் கொள்கிறது. கடைக்காரர்கள் புள்ளியைப் பெரிதாகப் பேசுகிறார்கள், ஏனென்றால் அது விற்கிற சரக்கு. வடிவத்தை ஒருவரும் பேசுவதில்லை, ஏனென்றால் அதற்கு விலை கிடையாது. சும்மா சரியாக வைத்தால் போதும்.

*

சகோதரிகளுக்கு உபயோகப்படும் என்று, தம்பி மகன் சொன்னவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

டெலிவிஷன் ரிமோட்டில் 'பிக்சர் சைஸ்' என்றோ 'ஆஸ்பெக்ட்' என்றோ ஒரு பகுதி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதில் 'ஒரிஜினல்' அல்லது 'ஆட்டோ' என்று இருந்தால் அதில் வைத்துவிடுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. படத்தில் வட்டமான பொருள் ஒன்று வரட்டும். பொட்டு, வண்டிச் சக்கரம், பௌர்ணமி நிலவு, எதுவானாலும் சரி. வட்டம் வட்டமாகத் தெரிந்தால் வடிவம் சரி. முட்டை மாதிரித் தெரிந்தால் யாரோ இழுத்திருக்கிறார்கள்.

காஸெட்டை மாற்றக் கொடுக்கும்போது, "4-க்கு 3-லேயே வேண்டும், இழுக்கக் கூடாது, வெட்டக் கூடாது, பட்டை இருந்தால் இருக்கட்டும்" என்று சீட்டில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். நகல் கைக்கு வந்ததும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். இழுத்த படத்தை நேராக்கிவிடலாம். வெட்டிய படத்தை ஒட்ட வைக்க முடியாது. ஆகவே என்ன சொன்னாலும் மூலக் காஸெட்டைக் கை நழுவ விடாதீர்கள்.

போட்டோ விஷயத்திலும் இதே கதைதான். நம் கைப்பேசிகளில் பெரும்பாலானவை போட்டோவை 4-க்கு 3 வடிவத்தில் எடுக்கின்றன. ஸ்டூடியோவில் பிரதி போடுகிற காகிதமோ 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். 6 அங்குல அகலத்துக்கு நம் படம் நாலரை அங்குல உயரம் கேட்கும். காகிதத்தில் நாலுதான் உண்டு. அந்த அரை அங்குலத்தில் பின் வரிசையில் நிற்கிற தாத்தாவின் தலையோ, முன் வரிசையில் உட்கார்ந்த குழந்தைகளின் காலோ போய்விடும். குடும்பப் படம் எடுக்கும்போது தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். புள்ளியைப் பற்றி இங்கே கவலையே வேண்டாம். அந்தக் காகிதத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்குப் போட்டாலும் 1800 புள்ளி, 1200 வரிசை போதும்; இன்றைய கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் அதற்கு மேலேயே இருக்கும்.

கடைசியாக ஒன்று. வீடியோ காஸெட் நாள் செல்லச் செல்ல நலிந்து போகிற பொருள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஓட்டிக் காட்டுகிற கருவிகளும், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் வருஷா வருஷம் குறைந்து கொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ ஒரு காஸெட் இருந்தால், அடுத்த பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏணியைப் போடுங்கள்.